தேர்வும் தெரிவும்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியைக் கடந்ததும் வருவது பொம்மசந்திரா. ஆனேக்கல் வட்டத்துச் சிற்றூராக இருந்த இவ்விடம் இன்று ஆலைகளும் பட்டறைகளும் மருந்துத் தொழிற்சாலைகளும் நிறைந்த பெரிய தொழிற்பேட்டை. 2025 ஆகஸ்ட் 10ஆம் நாள் திறக்கப்பெற்ற மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடத்துக்கு இவ்வூரே தென்கோடி. இன்னும் பதினைந்து கிலோமீட்டர் அளவு தெற்கே சென்றால் ஓசூர். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பிழைப்பை நாடி இங்கு வந்து தங்கியிருப்பதில் வியப்பில்லை. அவர்தம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலமுமாக வளர்கின்றனர்.

2025 மார்ச் மாதத்தில் ஒரு மாலை, நம் தெருவில் குடியிருக்கும் லேத் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகள் கையில் ஒரு தாளுடன் நம் இல்லத்துக்கு வந்தாள். பி.யூ.சி. இரண்டாம் ஆண்டுப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பெண். மத்திய அரசாங்கத்து மொழிபெயர்ப்பாளர் என்றால் எல்லா விண்ணப்பங்களும் நமக்கு விளங்கும் என்பது அயலாரின் நம்பிக்கை. அந்நம்பிக்கையைக் கெடுக்க நமக்கு ஒருபோதும் மனம் வந்ததில்லை.

"மாமா, முப்பத்தேழு பாடம் இருக்கு. அஞ்சு வரைக்கும் எடுக்கலாமாம். எந்த அஞ்சு எடுக்கிறது?" என்றாள்.

அவள் கேட்டது பல்கலைக் கழகப் பொது நுழைவுத் தேர்வைப் பற்றி. இளைஞர் வாயில் அதன் பெயர் 'கியூட்'. மத்தியப் பல்கலைக் கழகங்களின் பட்ட வகுப்புகளில் சேர்வதற்காக 2022ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இத்தேர்வில், 2025ஆம் ஆண்டுக்கு 13 மொழித் தாள்களும், 23 பாடத் தாள்களும், பொதுத் திறன் தாள் ஒன்றும் வைத்திருந்தனர். அவற்றில் ஐந்துக்கு மேற்படாமல் எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடம் படித்திருந்தாலும், இங்கே எந்தத் தாளையும் எழுதலாம் என்பது அவ்வாண்டின் புதிய விதி.

நம் மாணவி பி.யூ.சி.யில் படித்தது புள்ளியியல், பொருளாதாரம், வணிகவியல், கணக்குப் பதிவியல் ஆகிய நான்கு. இவ்வூர் வழக்கில் இத்தொகுதிக்கு 'செபா' என்று பெயர். புள்ளியியலுக்குப் பதில் கணினி அறிவியல் சேர்ந்தால் அது 'சிபா'. வரலாறு சேர்ந்தால் 'ஹெபா'. வணிகத்தையே விட்டு வரலாறு, பொருளாதாரம், அரசியல், சமூகவியல் என்று எடுத்தால் 'ஹெப்ஸ்'. ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துக்களைக் கோத்துச் செய்த சொற்கள் இவை. முதன்முறை கேட்டபோது யாரோ நான்கு சகோதரிகளைப் பற்றிப் பேசுகின்றனர் என்றே நாம் எண்ணினோம். செபாவில் படித்த இப்பெண்ணின் உள்ளமோ வரலாற்றில் இருந்தது. தந்தையாரோ, "சார், ஹிஸ்டரி படிச்சா யாரு வேலை குடுப்பா?" என்று வாயிற்படியில் நின்றபடியே நம்மைக் கேட்டார். கலைப் பட்டதாரியிடம் கேட்கத்தக்க கேள்விதானா இது என்று ஒரு கணம் தோன்றினும், கேட்டவருடைய கவலை நியாயமானதே.

தமிழில் ஒரு விந்தை உண்டு. பரீட்சையையும் தேர்வு என்கிறோம். பலவற்றுள் ஒன்றைப் பொறுக்கி எடுப்பதையும் தேர்வு என்கிறோம். தெரிதல் என்ற சொல்லும் அப்படியே. அறிதலும் அது, தெரிந்தெடுத்தலும் அது. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் இருப்பதால், அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்க்கும் நமக்கு இதனால் பல நாள் தொல்லை விளைந்ததுண்டு. ஆனால் அன்று மாலை அந்தத் தாளைப் பார்த்தபோது, நம் மொழி செய்தது பிழையன்று என்று பட்டது. கல்லூரி வாயிலில் நிற்கும் மாணவர் எழுதும் முதற் பரீட்சை, எதை எழுதுவது என்று தெரிந்தெடுப்பதாகவே இருக்கிறது. அத்தெரிவு எக்காலத்தில் யார் கையில் இருந்தது என்று திரும்பிப் பார்த்தால், நாட்டின் கல்வி வரலாற்றில் ஒரு நீண்ட இழை புலப்படுகிறது.

பொம்மசந்திரா வழியாகச் செல்லும் இதே பாட்டையிலிருந்தே தொடங்கலாம். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு பிறந்தவர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார். ஓசூர் அரசாங்கப் பள்ளியில் படித்து 1891இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அப்போது வயது பன்னிரண்டு. பின்னர் பெங்களூர் சென்டிரல் காலேஜில் சேர்ந்து 1894இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அந்நாளில் ஓசூர் சென்னை மாகாணத்துச் சேலம் ஜில்லாவில் இருந்தது. பெங்களூரோ மைசூர் சமஸ்தானத்தில். எல்லை தாண்டிப் போய்ப் படித்தாலும், எழுதியது சென்னைப் பல்கலைக் கழகத்தின் பரீட்சையே. மைசூர்ப் பல்கலைக் கழகம் 1916இல்தான் தோன்றிற்று. அதுவரையில் சென்டிரல் காலேஜ் மாணவர்களுக்குத் தேர்வும் பட்டமும் சென்னையிலிருந்தே வந்தன.

இன்று பதினாறு வயதுப் பிள்ளை எந்தத் தொகுதியில் சேர்வது என்று திகைக்கிறது. அந்தப் பிள்ளை அதே வயதில் பட்டமே பெற்றுவிட்டது. அறிவுக் கூர்மை ஒருபுறம் இருக்க, இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அன்று தெரிந்தெடுக்க வேண்டியது மிகக் குறைவு.

1854ஆம் ஆண்டு சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கையின்படி, 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் சர்வகலாசாலைகள் நிறுவப்பெற்றன. (பல்கலைக் கழகம் என்ற சொல் வழக்குக்கு வருமுன் நம் முன்னோர் இட்ட பெயர் அது.) லண்டன் பல்கலைக் கழகத்தைப் பார்த்து அமைத்தவை இவை. வகுப்பு நடத்துவது அவற்றின் வேலையன்று. பரீட்சை வைத்துப் பட்டம் தருவதே வேலை. ஆகவே நாட்டில் உயர்கல்வி பரீட்சையின் வடிவிலேயே பிறந்தது எனலாம். கல்கத்தாவில் 1857இல் நடந்த முதல் நுழைவுப் பரீட்சையை 244 பேர் எழுதினர். அடுத்த ஆண்டு பி.ஏ. பரீட்சையில் தேறியவர் இருவரே. அவ்விருவருக்கும் ஒரு பாடத்தில் கருணை மதிப்பெண் கொடுக்க வேண்டியிருந்தது. அவருள் ஒருவர் பின்னாளில் வங்க மொழிக்குப் பெரும் புகழ் சேர்த்த பங்கிம் சந்திரர்.

சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர். விசுவநாத பிள்ளை ஒருவர், சி. வை. தாமோதரம் பிள்ளை மற்றவர். பின்னவர் 1887இல் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்த பெருமகன். ஆங்கிலப் பரீட்சை முறை ஈன்ற முதற் பிள்ளைகளுள் ஒருவரே பழந்தமிழ் ஏடுகளைத் தேடியலைந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மெட்ரிகுலேஷன் மாணவர் தாமே தெரிந்துகொள்ளக் கூடியது பெரும்பாலும் இரண்டாம் மொழி ஒன்றே. ஆங்கிலமும் கணிதமும் வரலாறும் பூகோளமும் எல்லார்க்கும் பொது. அந்த ஒரு தெரிவுக்கும் ஆபத்து வந்த காலம் உண்டு. 1902ஆம் ஆண்டில் நாட்டு மொழிகளைப் பல்கலைக் கழகப் பாடத்திட்டத்திலிருந்து விலக்கும் எண்ணம் எழுந்தபோது, பரிதிமாற் கலைஞர் எனத் தம் பெயரைத் தமிழாக்கிக் கொண்ட வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியாரும், மு. சி. பூரணலிங்கம் பிள்ளையும் முன்னின்று வாதாடினர். தமிழைப் பாடமாகத் தெரிந்துகொள்ளும் உரிமை தானாக நமக்குக் கிடைத்ததன்று.

தெரிவு இல்லாத பரீட்சை என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டில் உலகறிந்த சான்று உண்டு. சீனிவாச ராமானுஜன் 1903ஆம் ஆண்டின் இறுதியில் மெட்ரிகுலேஷன் எழுதி முதல் வகுப்பில் தேறினார். 1904இல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். எஃப்.ஏ. வகுப்பில் கணிதம் மட்டும் இருந்தால் கவலையில்லை. ஆங்கிலக் கட்டுரை இருந்தது; உடலியல் இருந்தது; கிரேக்க ரோமானிய வரலாறு இருந்தது; சமஸ்கிருதம் இருந்தது. அத்தனையிலும் தேறினால்தான் மேலே போகலாம். ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. 1905இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் போனார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மறுபடி எழுதினார், தவறினார். 1907இல் தனித் தேர்வராக எழுதினார்; மீண்டும் தவறினார். கணிதத்தில் அவருக்கு இணையில்லை என்பது தேர்வாளர் எவரும் அறியக் கூடியதே. உடலியல் தாளில் அவர் பெற்ற மதிப்பெண்ணும் அவர்கள் அறிந்ததே. விதி இரண்டையும் கூட்டிப் பார்த்து, இவர் கல்லூரிக் கல்விக்குத் தகுதியற்றவர் என்று எழுதிற்று.

இங்கே யாரையும் கொடியவர் என்று சொல்வதற்கில்லை. பொதுக்கல்வி வேண்டும், ஒன்றை மட்டும் அறிந்தவன் முழுமையாகக் கற்றவன் ஆகான் என்ற நல்ல கொள்கையே அவ்விதிக்கு அடிப்படை. ஆயினும் அதன் விலை என்னவென்று பாருங்கள். 1907 முதல் 1913 வரையில் ஆறு ஆண்டுகள் ராமானுஜன் வறுமையில் உழன்றார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலையை ஏற்றார். கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டியின் கடிதம் வந்த பிறகே, பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளிக்கச் சென்னைப் பல்கலைக் கழகம் 1913இல் இசைந்தது. இன்னொரு செய்தியும் சொல்லலாம். அதே கும்பகோணம் கல்லூரியில், எந்தப் பட்டமும் பெறாத உ. வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை தமிழாசிரியராக விளங்கினார். அவர் சென்னைக்கு மாற்றலாகிச் சென்ற சில திங்களில் ராமானுஜன் அங்கு வந்து சேர்ந்தார். பரீட்சையின் வாயில் வழியாக உட்புகாத பெரியவர் ஒருவர் வெளியேற, அவ்வாயிலில் முட்டி நின்ற இளைஞர் ஒருவர் உட்புகுந்தார் போலும்!

மாணவர்க்குத் தெரிவு வேண்டும் என்பதை ஆட்சியாளர் உணராமல் இல்லை. 1882ஆம் ஆண்டின் ஹண்டர் குழுவே உயர்நிலைப் பள்ளிப் படிப்பை இரண்டு கிளையாக்கச் சொல்லிற்று. ஒரு கிளை கல்லூரிக்கு. மற்றது தொழிலுக்கும் வாணிகத்துக்கும். இரண்டாம் கிளையை நாடியவர் மிகச் சிலர். உத்தியோகம் முதற் கிளையின் நுனியில் தொங்கும்போது, இரண்டாவதில் ஏறுவார் யார்? 1911 முதல் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்தது. 1917இல் அமைந்த சாட்லர் குழு, பல்கலைக் கழகத்தின் வாயிலை மெட்ரிகுலேஷனிலிருந்து இன்டர்மீடியட்டுக்கு நகர்த்தச் சொல்லிற்று. இவற்றை விரித்துரைக்கப் புகுந்தால் பொழுது போதாது.

நின்று பார்க்க வேண்டியது 1953. முந்திய ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசாங்கம் அமைத்த உயர்நிலைக் கல்விக் குழு அவ்வாண்டு தன் அறிக்கையை அளித்தது. தலைவர் டாக்டர் ஆர்க்காடு லட்சுமணசாமி முதலியார். 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர், மகப்பேற்று மருத்துவர். நாட்டில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அச்சில் வார்த்துக் கல்லூரி வாயிலுக்கு அனுப்புவது தவறு என்பது அவர் குழுவின் முடிபு. மொழிகள், சமூக இயல், பொது அறிவியல், ஒரு கைத்தொழில் ஆகியவை எல்லார்க்கும் பொதுவாக இருக்கட்டும். அதன்மேல் மானிட இயல்கள், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என்ற ஏழு பிரிவுகளில் ஒன்றைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்றது அறிக்கை. இவற்றையெல்லாம் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கப் பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும் என்றது. இறுதிப் பரீட்சை ஒன்றையே நம்பாமல், பள்ளியில் வைத்திருக்கும் ஆண்டுப் பதிவுகளையும் மதிக்க வேண்டும் என்றது. எதைத் தெரிந்தெடுப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லப் பயிற்சி பெற்ற வழிகாட்டி ஆசிரியர்கள் வேண்டும் என்றும் சொல்லிற்று.

நம் கருத்தில் அந்தக் கடைசிப் பரிந்துரையே அறிக்கையின் உயிர். அதுவே பெரும்பாலும் நடைபெறாமற் போயிற்று. பல்நோக்குப் பள்ளிகள் சில தோன்றின. வேளாண்மை கற்பிக்க ஆசிரியர் கிடைக்கவில்லை. தொழில்நுட்பப் பிரிவுக்குப் பட்டறை கிடைக்கவில்லை. கிடைத்த இடங்களிலும் பெற்றோர் அறிவியலையே நாடினர். 1964 முதல் 1966 வரை ஆய்ந்த கோத்தாரி குழு, பத்தாம் வகுப்பு வரையில் பிரிவே வேண்டா, அதன்பின் பிரியட்டும் என்று திருத்திற்று. பத்தும் இரண்டும் மூன்றும் என்ற இன்றைய ஏணி அங்கிருந்து வந்ததே. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிக்கு வந்தபோது, கல்லூரியோடு ஒட்டியிருந்த ஓராண்டுப் பி.யூ.சி. மறைந்தது. கர்நாடகம் அப்பெயரை விடவில்லை. இரண்டாண்டுப் படிப்பாக்கி இன்றும் பி.யூ.சி. என்றே அழைக்கிறது. தமிழ்நாட்டில் தாத்தாமார் சொல்லும் சொல்லைப் பொம்மசந்திராவில் பேத்திகள் சொல்லக் கேட்கலாம்.

வழிகாட்டும் ஆசிரியர் வரவில்லை. நுழைவுத் தேர்வு வந்தது. தொழிற் கல்லூரிகளில் இடம் சில, விரும்புவோர் பலர் என்றான பிறகு, பள்ளி மதிப்பெண் போதாது என்ற எண்ணம் வலுத்தது. தமிழ்நாடு 1984இல் தொழிற் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வைத் தொடங்கி, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கிற்று. கர்நாடகத்தில் சி.இ.டி. எனப்படும் பொது நுழைவுத் தேர்வு நிலைபெற்றுவிட்டது. அதில் ஒரு தனிச் சிறப்பு, கர்நாடகத்துக்கு வெளியிலும் எல்லைப் புறத்திலும் வாழும் கன்னடிகர்க்கு இடம் ஒதுக்கி, அவர்களுக்கு ஒரு கன்னட மொழித் தேர்வும் வைப்பது. எல்லையில் வாழும் குழந்தைக்கு வீட்டு மொழி ஒன்று, ஏட்டு மொழி வேறொன்று என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

இவ்விடத்தில் நம் தொழிலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. பாடத்தைத் தெரிந்தபின், அதை எந்த மொழியில் எழுதுவது என்ற தெரிவு நிற்கிறது. 2018 மே 6ஆம் நாள் நடந்த மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டைத் தமிழில் எழுதியோர் 24,000க்கு மேற்பட்டோர். வினாக்கள் 180. அவற்றில் 49 வினாக்களின் தமிழாக்கம் பிழையானது என்று வழக்குத் தொடரப்பெற்றது. சிறுத்தை என்று இருக்க வேண்டிய இடத்தில், ஆங்கில ஒலியை அப்படியே பெயர்த்துச் சீத்தா என்று அச்சிட்டிருந்ததைப் பலரும் எடுத்துக்காட்டினர். காட்டு விலங்கு சனகன் மகளாயிற்று என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த வினாவுக்கு நான்கு மதிப்பெண் உண்டே! ஜூலை 10ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வினா ஒன்றுக்கு நான்காக 196 மதிப்பெண் வழங்கும்படி ஆணையிட்டது. பத்தே நாளில் உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நவம்பரில் ஆணையையே தள்ளிவிட்டது. ஐயம் நேர்ந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று தேர்வுக் குறிப்பேட்டில் முன்னரே அச்சிட்டிருந்தனர் என்பது தேர்வு நடத்தியோரின் வாதம்.

சட்டத்தின்படி அது சரியாகலாம். மொழிபெயர்ப்பாளரின் மனச்சான்றுக்கு அது சரியாவதில்லை. ஆங்கிலத்தைப் பார்த்துக்கொள் என்று சொல்லித் தமிழ்த் தாளைக் கொடுப்பது, நொண்டிக் குதிரையைக் கொடுத்து, நடக்கவும் செய்யலாம் என்று சொல்வதைப் போன்றது. ஓசூர்ப் பிள்ளையாகிய அதே ராஜாஜி, சேலத்தில் வழக்கறிஞராக இருந்தபோது 1916இல் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் கண்டார். தாவர இயல், வேதியியல், பௌதிகம், வானியல், கணிதம் ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொற்கள் வேண்டும் என்று முயன்றார். அதற்கு நூற்றிரண்டு ஆண்டுகளுக்குப் பின் சிறுத்தை சீத்தாவாயிற்று. சொற்கள் இல்லாமையால் நேர்ந்ததன்று இது. இருக்கும் சொல்லைப் பாடநூலில் புரட்டிப் பார்க்க யாருக்கும் பொழுதில்லாமையால் நேர்ந்தது.

பாடநூல் என்றதும் இன்னொரு சிக்கல் நினைவுக்கு வருகிறது. 'கியூட்' தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆயின் அதன் பாடத்தாள்களுக்கு அடிப்படை, தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவின் பன்னிரண்டாம் வகுப்பு நூல்கள். அவை நெடுங்காலமாக ஆங்கிலம், இந்தி, உருது ஆகிய மூன்று மொழிகளிலேயே வெளிவந்துள்ளன. தமிழில் எழுத விழையும் பிள்ளை ஆங்கில நூலைப் படித்து, மனத்துக்குள் தமிழாக்கி, வேறொருவர் செய்த தமிழாக்கத்தோடு அது பொருந்துமா என்று மண்டபத்தில் உட்கார்ந்து ஊகிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூலைப் படித்தவருக்கோ கலைச்சொற்களே மாறிவிடும். ஒரு தாளுக்கு 50 வினாக்கள், 60 நிமிடங்கள், சரியான விடைக்கு ஐந்து, தவறான விடைக்கு ஒன்று குறைவு. ஊகிப்பதற்கு நேரம் எங்கே?

தெரிவு பெருகப் பெருகக் குழப்பமும் பெருகுவது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1905இல் பழைய அரசாங்கப் பரீட்சையை ஒழித்த சீனம், 2014ஆம் ஆண்டு தன் கல்லூரி நுழைவுத் தேர்வைச் சீர்திருத்திற்று. ஷாங்காய், ஜெஜியாங் ஆகிய இரு பகுதிகளிலும் பிள்ளைகள் தாமே மூன்று பாடங்களைத் தெரிந்துகொள்ளலாம் என்றது. பலர் பௌதிகத்தை விட்டோடினர். கெட்டிக்காரப் பிள்ளைகளோடு அப்பாடத்தில் போட்டியிட்டால் தம் இடம் தாழும் என்பது அவர்கள் கணக்கு. பின்னர் பிற மாகாணங்களுக்குச் சீர்திருத்தம் பரவியபோது, பௌதிகம் அல்லது வரலாறு, இரண்டில் ஒன்று கட்டாயம் என்று வகுத்தனர். விருப்பத்தைக் கேட்டால் பிள்ளைகள் கணக்கைச் சொல்கின்றனர். கணக்குப் போடக் கற்றுக் கொடுத்ததும் நாமே அன்றோ?

நம் பொம்மசந்திரா மாணவியின் தாளுக்குத் திரும்புவோம். எந்தத் தாளையும் எழுதலாம் என்ற விதியைக் கண்டு அவள் மகிழ்ந்திருந்தாள். அம்மகிழ்ச்சியில் ஒரு கண்ணி இருந்தது. தேர்வை நடத்துவோர் வேறு. சேர்த்துக்கொள்ளும் பல்கலைக் கழகங்கள் வேறு. பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடங்களிலேயே இத்தேர்வை எழுதியிருக்க வேண்டும் என்று டில்லிப் பல்கலைக் கழகம் 2022இலேயே நிபந்தனை விதித்தது. வரலாற்றுத் தாளை எழுத அவளுக்குத் தடையில்லை. ஆனால் செபாவில் படித்தவள் அம்மதிப்பெண்ணைக் கொண்டு எல்லாக் கதவையும் தட்ட முடியாது. மொழித் தாளும் பொதுத் திறன் தாளும் போதும் என்ற இடங்களும் உண்டு. ஒவ்வொரு பல்கலைக் கழகமும் ஒவ்வொரு பாடத்துக்கும் கேட்கும் தாள்களை வரிசையாக எழுதிப் பார்த்து, பின்னரே ஐந்தையும் முடிவு செய்ய வேண்டும். மூன்று மாலைகள் அவ்வேலையில் சென்றன. இதைத் தனியாகச் செய்ய வேண்டிய பிள்ளைகள் எத்தனை பேரோ என்ற எண்ணம் அப்போதெல்லாம் நம்மை விட்டு அகலவில்லை. எழுபது ஆண்டுக்கு முன் முதலியார் குழு கேட்ட வழிகாட்டி, இன்றும் பெரும்பாலும் அண்டை வீட்டுக்காரரே.

ஆங்கிலம், தமிழ், பொருளாதாரம், வரலாறு, பொதுத் திறன் என்று ஐந்து அமைந்தன. வணிகவியலையும் சேர்த்திருந்தால் தந்தையாருக்கு அமைதியாக இருந்திருக்கும். பொருளாதாரம் இருக்கிறது என்று சொல்லிச் சமாதானம் செய்தோம். வினாத்தாளின் மொழி ஆங்கிலம் என்று அவளே முடிவு செய்தாள். நமக்குச் சற்று வருத்தமே. ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலத்தில் படித்த பெண்ணிடம் நம் மொழிப்பற்றுக்காக வேறு சொல்வது நேர்மையாகாது.

வரலாற்றை அவள் படிக்கத் தொடங்கியது ஏப்ரலில். தேர்வு மே நடுவில். முன்பின் அறியாத பாடம். பன்னிரண்டாம் வகுப்பு நூலின் முதல் இயல் ஹரப்பாவின் செங்கற்களையும் மணிகளையும் எலும்புகளையும் பற்றியது. பரீட்சைக்குப் படிப்பவர் பலரும் செய்வதைப் போல அவளும் முதலில் ஆண்டுகளையும் பெயர்களையும் நோட்டில் எழுதி உருப்போட்டாள். இரண்டு நாளில் சலித்தாள். பிறகு நாம் ஒரு வழி சொன்னோம். ஒவ்வோர் இயலையும் படித்து முடித்ததும், நூலை மூடிவிட்டு, அதில் கண்டதைத் தன் தாய்க்குத் தமிழில் சொல்ல வேண்டும். அந்த அம்மையார் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். மகள் சொல்வது அவருக்கு விளங்கினால், மகளுக்கும் விளங்கியது என்று பொருள். அடுப்படியில் சப்பாத்தி திரட்டியபடியே அவர் கேட்ட கேள்விகள் எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாதவை. "அத்தனை பெரிய ஊரைக் கட்டினாங்களே, அந்த எழுத்தை ஏன் இன்னும் யாராலும் படிக்க முடியலை?" என்று கேட்டாராம்.

விஜயநகரத்தைப் பற்றிய இயலுக்கு வந்தபோது ஒரு சிறு நிகழ்ச்சி. மன்னர்கள் விழாக் கொண்டாடிய மகாநவமி திப்பா என்ற உயர்ந்த மேடையைப் பற்றி அந்நூலில் உண்டு. வெளியூர் மாணவருக்குத் திப்பா என்பது உருப்போட வேண்டிய ஒரு வேற்றுச் சொல். இவளோ சிரித்தாள். "திப்பான்னா மேடு, மாமா. எங்க ஸ்கூலுக்குப் பின்னாலயும் ஒண்ணு இருக்கு, பசங்க ஏறி விளையாடுவாங்க" என்றாள். தெருக் கன்னடம் அவளுக்கு ஒரு மதிப்பெண்ணாவது ஈட்டித் தந்திருக்கும்.

தேர்வு முடிவில், வரலாற்றுத் தாளில் அவள் நினைத்ததற்கு மேலாகவும், பொதுத் திறனில் நினைத்ததற்குக் கீழாகவும் மதிப்பெண் வந்தது. திருவாரூருக்கும் கலபுரகிக்கும் மகளை அனுப்பத் தந்தையாருக்குத் துணிவு வரவில்லை. முடிவில் பி.யூ.சி. மதிப்பெண்ணைக் கொண்டே பெங்களூர் நகரத்துக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. வகுப்பில் சேர்ந்தாள். எடுத்த பாடங்கள் வரலாறும் பொருளாதாரமும். பொருளாதாரம் தந்தைக்காக என்று அவளும், வரலாறு மகளுக்காக என்று அவரும் தனித்தனியே நம்மிடம் சொல்லிச் சென்றனர். காலை ஏழரை மணிக்கு மஞ்சள் தடத்து வண்டியில் ஏறுகிறாள். இருக்கை கிடைத்த நாளில் நூலைத் திறப்பாளாம். கிடைக்காத நாளில், முதல் நாள் படித்ததைத் தமிழில் சொல்லிப் பார்ப்பாளாம்.